உப்புநீர்த் தொட்டியில் உடன்வாழ் மீன்களின் சச்சரவும் காயங்களும்

தொழுவத்தில் புதிதாக ஒரு பசுவை வாங்கி வந்து கட்டினால், முன்னிருக்கும் மாடுகள் அதனை முட்டாமல் விடா என்பதைக் குடியானவர் யாவரும் அறிவர். கோழி வளர்ப்போரும், ஒரு கோழியின் உடம்பில் சிறிது இரத்தம் கண்டுவிட்டால் மற்றவை அவ்விடத்தையே கொத்திக் கொத்தி அதனைக் கொன்றுவிடுவதைக் கண்டிருப்பர். கடல் மீன்களிடத்தும் இச்சுபாவம் குறைவின்றி அமைந்திருக்கிறது. ஆயினும் ஒரு பேதம் உண்டு. முட்டுண்ட மாட்டை அவிழ்த்து வேறிடத்தில் கட்டலாம். விரட்டுண்ட கோழி வேலி தாண்டி ஓடலாம். நான்கு புறமும் கண்ணாடியால் அடைபட்ட மீனுக்கு ஓடிப்போக இடம் ஏது? கடலில் பத்து முழ தூரம் விலகினால் முடிந்துவிடும் சண்டை, தொட்டியில் மரணத்தில்தான் முடிகிறது. உப்புநீர்த் தொட்டிகளில் வியாதியால் இறந்தனவாகக் கணக்கிடப்படும் மீன்களுள் பல, உண்மையில் உடன் வாழும் மீனின் பல்லால் முதற்காயம் பெற்றவையே.

அலங்காரக் கடல்மீன்களைத் தொட்டியில் வைத்துக் காட்டும் வழக்கம் நம் நாட்டிற்குப் புதிதன்று. 1909-ஆம் ஆண்டில் சென்னைக் கடற்கரையில் ஒரு மீன் காட்சிசாலை திறக்கப்பெற்று, இரண்டாம் உலக யுத்த காலத்தில் மூடப்படும் வரை ஜனங்கள் திரளாகச் சென்று பார்த்து வந்தனர். அக்காலத்தில் மீன்களைக் கடலிலிருந்து பிடித்து வந்து வைப்பதொன்றே வழி. இப்பொழுதோ மண்டபத்திலுள்ள மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார், கோமாளி மீன் முதலிய சில ஜாதிகளைத் தொட்டியிலேயே முட்டையிடச் செய்து குஞ்சு வளர்க்கும் முறையை வகுத்திருக்கின்றனர். கரையோரச் சிற்றூர்களில் கொட்டகை போட்டு, அக்குஞ்சுகளை வாங்கி வளர்த்து விற்போரும் உளர். அவர்களுக்கு இச்சச்சரவு வேடிக்கையன்று, ஜீவனத்தைப் பற்றிய விஷயம். ஆதலின் அவர்களை முக்கியமாக உத்தேசித்தே இதனை எழுதுகிறோம்.

கோமாளி மீனின் குடும்ப வழக்கம்

சண்டையைத் தடுக்க வேண்டுமாயின், மீன் எதற்காகச் சண்டையிடுகிறது என்பதை முதலில் அறிய வேண்டும். இதற்குக் கோமாளி மீனே நல்ல உதாரணம்.

இம்மீன் கடலில் கடற்சாமந்தி என்னும் பிராணியின் கொட்டும் விரல்களின் நடுவே வசிக்கிறது. ஒரு கடற்சாமந்தியில் ஒரு குடும்பம். அதில் உருவத்தில் பெரியது பெண். அதற்கடுத்தது அதன் ஆண். எஞ்சிய சிறுமீன்கள் ஆணுமன்று, பெண்ணுமன்று. பெண் இறந்தால் ஆண் மீனே பெண்ணாக மாறிவிடும். சிறுமீன்களுள் பெரியது ஆணாகி அதனோடு சேரும். இம்மாறுதல் ஒருவழிப் பாதை. பெண்ணான மீன் மீண்டும் ஆணாவதில்லை. ஃப்ரிக்கே என்னும் விஞ்ஞானிகள் இருவர் 1977-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், மேல்நிலையிலுள்ள பெண்ணின் அதட்டலே கீழுள்ளவை பெண்ணாக மாறாதபடி அடக்கிவைக்கிறது என்று விளக்கினர். பின்னர் 2003-ல் பஸ்டன் என்பவர் மற்றோர் அதிசயத்தை வெளியிட்டார். கீழ்நிலை மீன், தனக்கு மேலுள்ளதன் அளவை நெருங்காதபடி தன் வளர்ச்சியைத் தானே குறைத்துக்கொள்கிறதாம். நெருங்கினால் விரட்டப்படும், கடலில் வீடிழந்த கோமாளி மீன் பெரிய மீனின் வாயில் விழ வேண்டியதுதான்.

இதிலிருந்து பெறப்படுவது யாது? கோமாளி மீன்களின் சமாதானம் அளவு வித்தியாசத்தில் நிலைபெற்றிருக்கிறது. சம அளவுள்ள இரண்டு பெரிய மீன்களை ஒரு தொட்டியில் விடுவது, இரண்டு பெண்களை ஒரே பட்டத்துக்கு நிறுத்துவதாகும்.

நமக்குத் தெரிந்த ஒரு கரையோரக் கொட்டகையில் இவ்வாறே நேர்ந்தது. அங்கு ஒரு ஜோடி மாதம் இருமுறை தவறாமல் முட்டையிட்டுக் குடும்பத்தின் செலவில் பெரும்பகுதியைத் தாங்கி வந்தது. ஒருநாள் இரவு மின்சாரம் நின்று காற்றுக்குழாய் ஓய்ந்ததால் பெண் மீன் இறந்தது. பெரிய உடம்புக்குப் பிராணவாயு அதிகம் வேண்டுமன்றோ? ஆண் தனியே எஞ்சியது. அத்தொட்டியைக் கவனித்து வந்த அம்மாள் இரண்டு மாதம் பணம் சேர்த்து, நல்ல பெரிய பெண் மீன் ஒன்றை விலைக்கு வாங்கி மாலையில் விட்டார். விடிந்து பார்க்கையில் பழைய மீன் துடுப்புகள் கிழிந்து, ஒரு கண் பிதுங்கி, மூலையில் செத்துக் கிடந்தது. “பெண்டாட்டி புருஷனைக் கொன்றுவிட்டதே, ஐயா!” என்று அவர் நம்மிடம் சொல்லி வருந்தினார். கொன்றது உண்மை, ஆனால் இறந்தது புருஷனன்று. தனித்திருந்த இரண்டு மாதத்தில் அதுவும் பெண்ணாக மாறத் தொடங்கியிருந்தது. அவர் வாங்கி விட்டிருக்க வேண்டியது பெரிய மீனன்று; ஒன்றரை அங்குலக் குஞ்சு. அதன் விலையும் சொற்பம்.

பிறகு அவர் அப்படியே செய்தார். புதுப் பெண்ணின் தொட்டியில், ஆணிகொண்டு நெடுகத் துளையிட்ட ஒரு பிளாஸ்டிக் போத்தலுக்குள் ஒரு சிறு குஞ்சை விட்டு மிதக்க வைத்தார். பெண் மீன் நான்கு நாள் போத்தலை முட்டி முட்டிப் பார்த்து, ஐந்தாம் நாள் அலட்சியம் செய்தது. எட்டாம் நாள் குஞ்சைத் திறந்து விட்டார். துரத்தல் இருந்தது, கடியில்லை. குஞ்சு, பெரியதன் எதிரே உடம்பை ஒருபுறம் சாய்த்து நடுங்கிக் காட்டியது. இந்நடுக்கத்தைப் பார்த்து வலிப்பு என்று பயப்படுவோர் உண்டு. அது வலிப்பன்று, வணக்கம். வணக்கம் செலுத்தும் மீனுக்கு அபாயம் குறைவு. செலுத்த மறுத்து எதிர்த்து நிற்கும் மீனையே உடனே பிரிக்க வேண்டும். ஐந்து மாதத்துக்குமேல் காத்திருந்து அவர் மறுபடி முட்டையைக் கண்டார். அந்த ஐந்து மாத வருமானம் போனது போனதே.

மீனை ஊமை என்கிறோம். அதுவும் முற்றும் சரியன்று. கோமாளி மீன் தாடைப் பற்களை மோதிச் சடசடவென ஒலி எழுப்புகிறது என்பது 2007-ல் பார்மென்டியே முதலானோர் செய்த சோதனையால் விளங்கியது. இரவில் அமைதியான கொட்டகையில் தொட்டிக் கண்ணாடியில் காதை வைத்தால் சில சமயம் கேட்கலாம். அடிக்கடி கேட்டால் விளக்கை எடுத்துச் சென்று பார்ப்பது நலம்.

மற்ற ஜாதிகள்

பளிச்சென்ற வர்ணமுடைய பவழப்பாறை மீன்கள், தம்மைப்போன்ற வர்ணமுடையவற்றையே அதிகம் தாக்குகின்றன என்று கொன்ராட் லோரன்ஸ் என்னும் ஆஸ்திரிய அறிஞர் 1963-ல் வெளிவந்த தம் நூலில் எழுதினார். ஒரே ஆகாரத்தைத் தேடும் ஒரே ஜாதி, இடத்தைப் பங்கிட்டுக் கொள்வதற்குரிய உபாயம் இது என்பது அவர் கருத்து. இக்கருத்து எல்லா மீனுக்கும் பொருந்தவில்லை எனப் பின்வந்தோர் காட்டியிருப்பினும், தொட்டி வைப்போனுக்கு உபயோகமான விதி இதுவே: ஒரே ஜாதியிலும், ஒரே உருவத்திலும், ஒரே வர்ணத்திலும் இரண்டை வைக்கத் துணியுமுன் இருமுறை யோசிக்கவும்.

அவர் கூறும் மற்றொரு செய்தியும் சுவாரசியமானது. சிக்லிட் ஜாதி மீன் தம்பதிகளை ஒரே தொட்டியில் நடுவே கண்ணாடி வைத்துப் பிரித்து வைத்தால், அவை கண்ணாடியின் அப்புறமுள்ள அயலாரை முறைத்துக்கொண்டே தம் துணையோடு ஒற்றுமையாக வாழுமாம். கண்ணாடியில் பாசி படர்ந்து அயலார் மறைந்தவுடன் ஆண் தன் பெண்ணையே தாக்கத் தொடங்கும்! கோபத்துக்கு ஒரு போக்கிடம் வேண்டியிருக்கிறது போலும். அடங்காத மீன் உள்ள தொட்டியின் வெளிப்புறத்தில் சில நாள் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைச் சாத்தி வைப்பது இத்தத்துவத்தைப் பின்பற்றியதே. அது தன் பிம்பத்தோடு மல்லாடிக் கொண்டிருக்கையில் புதுமீன் இடம் பழகிக்கொள்ளும். ஆனால் நாள் முழுதும் வைக்கலாகாது, மீன் இளைத்துவிடும்.

டாம்செல் என்று வியாபாரிகள் கூறும் நீல, மஞ்சள் சிறுமீன்கள் விலை மலிவு, எதையும் தாங்கும், ஆகவே புதிதாகத் தொடங்குவோர் முதலில் இவற்றையே வாங்கி விடுகின்றனர். இது பெருந்தவறு என்பது நம் அபிப்பிராயம். இரண்டு அங்குல மீனாயினும் தொட்டி முழுவதையும் தன் நிலமென்று பட்டா எழுதிக்கொண்டு, பின்னால் வரும் சாதுவான மீன்களை ஓட ஓட விரட்டும். இவற்றை வைக்க விரும்பினால் கடைசியில் விட வேண்டும்.

சர்ஜன் மீன் என்பதற்கு வாலின் அடியில் இருபுறமும் கத்தி போன்ற முள் உண்டு. வாலை வீசி அது கீறும் காயம் நேர்கோடாக இருக்கும். கடித்த காயம் போல் பிய்ந்திராது. இவ்வித்தியாசத்தால் குற்றவாளியைக் கண்டுபிடிக்கலாம். வலை கொண்டு பிடிக்கும்போது அம்முள் வலையில் மாட்டிக்கொள்ளும், கையையும் அறுக்கும். கிளாத்தி மீனின் பற்கள் நண்டின் ஓட்டையே உடைப்பவை. சிறு மீன்களோடும் இறால்களோடும் அதனைச் சேர்த்து வைப்பது ஆகாது. களவாவும் அஞ்சாளையும் சண்டையிடுவதில்லை. வாயில் அடங்குவதை விழுங்கிவிடும். அங்கே காயத்துக்குச் சிகிச்சை என்னும் பேச்சுக்கே இடமில்லை. காலையில் எண்ணிக்கை குறையும், அவ்வளவே. பேத்தை மீனுக்கு மற்றவற்றின் துடுப்பைக் கடித்துப் பார்க்கும் துர்க்குணம் உண்டு.

உணவுக்கான கொடுவாக் குஞ்சு வளர்ப்போரும் இங்கே ஒன்று கவனிக்க. கொடுவாக் குஞ்சு, தன் நீளத்தில் பாதிக்கு மேற்பட்ட உடன்பிறப்பையும் விழுங்க வல்லது. வாரம் ஒருமுறையேனும் அளவு பார்த்துப் பிரித்து, பெரியவற்றை வேறு தொட்டிக்கு மாற்றாவிடில் ஆயிரம் குஞ்சு விட்ட இடத்தில் சில நூறு கொழுத்த குஞ்சுகளே மிஞ்சும்.

காயம் ஏன் கொல்லுகிறது

சிறு கீறல்தானே என்று அசட்டையாக இருப்போர் கடல் மீனின் தேக அமைப்பை அறியாதவர். கடல் நீரில் ஆயிரம் பங்குக்கு ஏறக்குறைய 35 பங்கு உப்பு உண்டு. மீனின் இரத்தத்திலோ அதில் மூன்றில் ஒரு பங்களவே உப்பிருக்கும். ஆகையால் மீனின் உடம்பிலுள்ள தண்ணீர் எப்பொழுதும் வெளியே கசிந்துபோக எத்தனிக்கிறது. மீன் ஓயாமல் கடல் நீரைக் குடித்து, அதிகப்படியான உப்பைச் செவுள் வழியாகக் கழித்து ஈடுசெய்கிறது. செதிலும் அதன்மேலுள்ள வழுவழுப்பான படலமுமே இக்கசிவைத் தடுக்கும் கரை. அதில் உடைப்பு ஏற்பட்டால், கண்மாய்க் கரையில் உடைப்பு ஏற்பட்டதற்கு ஒப்பாகும். நீர் நிறைந்த தொட்டியிலேயே மீன் தாகத்தால் வாடுகிறது என்று சொல்வது மிகையன்று. இதற்குமேல், காயத்தில் விப்ரியோ முதலிய நுண்கிருமிகள் குடியேறிப் புண்ணாக்கும். பயத்தால் மெலிந்த மீனை வெண்புள்ளி நோயும் எளிதில் பற்றும். அப்போது மூன்றாம் நாள் தோன்றும் வெண்புள்ளியை நாம் பார்க்கிறோம். முதல் நாள் விழுந்த அடியைப் பார்ப்பதில்லை.

ஆகவே அறிகுறிகளைக் காலையில் தீனி வைக்கும்போதே நோக்க வேண்டும். நீரின் மேல்மட்டத்து மூலையிலோ, வடிகட்டியின் குழாய்க்குப் பின்னாலோ ஒரு மீன் ஒண்டிக்கொண்டு தீனிக்கு வராதிருத்தல், துடுப்பின் ஓரம் கந்தலாதல், வர்ணம் மங்குதல், மூச்சு விரைதல் ஆகிய இவற்றுள் எது கண்டாலும் பிரிக்க வேண்டும். எதைப் பிரிப்பது? அடிபட்டதை அன்றே எடுத்துச் சிகிச்சைத் தொட்டியில் விடுக. அடித்ததையும் நான்கைந்து நாள் வேறிடத்தில் வைத்து, தொட்டியின் கற்களையும் சட்டிகளையும் இடம் மாற்றிவிட்டுப் பிறகு விட்டால், அதன் பழைய எல்லைகள் அழிந்து அதுவும் புதுமீன் போலாகிவிடும். இது செலவில்லாத வைத்தியம். பல தடவை பலித்திருக்கிறது.

சிகிச்சைத் தொட்டிக்கு 40 அல்லது 50 லிட்டர் போதும். மண்ணும் கல்லும் வேண்டா. ஒளிந்துகொள்ள ஒரு துண்டுக் குழாய் போடுக. மூன்று புறமும் காகிதம் ஒட்டி வெளிச்சத்தைக் குறைக்கவும். பெரிய தொட்டியின் நீரையே எடுத்து நிரப்பி, காற்றுக்குழாய் நன்றாக விட்டு, உப்பை இரண்டு மூன்று நாளில் சிறிது சிறிதாக 25 வரை குறைத்தால் மீனின் உடம்பிலிருந்து நீர் கசிவது குறைந்து களைப்புத் தீரும். இது முள்ளெலும்புள்ள மீன்களுக்கு மட்டுமே. இறால், கடற்சாமந்தி, சுறாக்குட்டி இவற்றிற்குச் செய்யலாகாது. அம்மோனியா ஏறாதபடி தினமும் சிறிது நீரை மாற்றுவது அவசியம்; கடல் நீரின் காரத்தன்மையில் அம்மோனியாவின் விஷம் அதிகப்படும். சுத்தமான நீரிலும் இருளிலும் தனித்து விடப்பட்டால் கிழிந்த துடுப்பு பெரும்பாலும் தானே வளர்ந்துவிடும். அடிப்பாகம் வரை அரிக்கப்பட்ட துடுப்பு முன்போல் வளர்வது அரிது.

காயத்தின்மீது மஞ்சள் குழைத்துப் பூசும் வழக்கம் சிலரிடம் உண்டு. எமக்கு அதில் நம்பிக்கையில்லை. பூசுவதற்காக மீனைக் கையில் பிடிக்கும்போதே மேல் படலம் வழித்துக்கொண்டு போய்விடுகிறது. மனிதருக்குரிய மருந்துக் குளிகைகளை உடைத்துத் தொட்டியில் போடுவது அதனினும் கேடு. வடிகட்டியில் வாழும் நல்ல கிருமிகள் அழிந்து நீர் கெடும். புண் சிவந்து பரவினால் கால்நடை வைத்தியர் அல்லது மீன்வள அதிகாரியின் யோசனையைக் கேட்டே மருந்து இடுக. வெண்புள்ளிக்குத் தாமிர மருந்து இடுவோர் லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் என்னும் அளவைச் சோதனைப் பெட்டியால் அளந்தே இட வேண்டும். அதுவும் சிகிச்சைத் தொட்டியில்தான். இறாலுக்கும் கடற்சாமந்திக்கும் தாமிரம் ஆலகாலம்.

முன்னெச்சரிக்கை

புதுமீனை விளக்கணைத்த பின் மாலையில் விடுவதும், அதற்குச் சற்று முன் பழைய மீன்களுக்கு வயிறு நிறையத் தீனியிடுவதும், கூடுமாயின் எல்லா மீன்களையும் ஒரே நாளில் விடுவதும் நல்ல பழக்கங்கள். சாதுவானவை முதலிலும் முரடானவை கடைசியிலும் செல்லட்டும். மீனுக்கு ஒன்றாக அல்ல, ஒன்றுக்கு இரண்டாக மறைவிடங்கள் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் இரு வாயில் இருப்பது நன்று. ஒருவாயிற் குகையில் மாட்டிக்கொண்ட மீன் பொறியில் அகப்பட்ட எலி போலாம். இதற்கு மண்சட்டித் துண்டுகளும் குழாய்த் துண்டுகளுமே போதும். பவழப் பாறையைக் கடலிலிருந்து எடுத்தல் ஆகாது. பவழங்களும் கடற்குதிரையும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-ல் சேர்க்கப்பட்டன, வைத்திருப்பதும் தண்டனைக்குரியது.

குஞ்சுத் தொட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. நாற்பது ஐம்பது கோமாளிக் குஞ்சுகள் நெருங்கியிருக்கும் தொட்டியில் சண்டை குறைவாகவும், விற்றதுபோக ஐந்தாறு மிஞ்சிய தொட்டியில் அதிகமாகவும் இருக்கக் கண்டு சிலர் வியக்கின்றனர். கூட்டத்தில் எந்த ஒன்றாலும் ஓரிடத்தைப் பிடித்துக்கொண்டு காக்க முடிவதில்லை. அடியும் பலருக்குப் பங்காகிறது. கூட்டம் கலைந்ததும் ஒன்று தலைமை ஏற்று, கடைசி நிலையிலுள்ளதைக் குறிவைக்கும். ஆகவே மிச்சக் குஞ்சுகளை அடுத்த வகுப்புக் குஞ்சுகளோடு சேர்க்காமல், இரண்டிரண்டாக அளவு வித்தியாசம் பார்த்துப் பிரித்து வைத்தால் அவையே பிற்காலத்தில் முட்டையிடும் ஜோடிகளாகும்.

எவ்வளவு முயன்றும் அடங்காத மீன் ஒன்றிரண்டு எங்கும் இருக்கும். அதனை வியாபாரியிடம் திருப்பிக் கொடுக்கலாம், தனித்தொட்டியில் வைக்கலாம். இரக்கப்பட்டுக் கடலில் கொண்டு விடுவது மட்டும் கூடாது. விஷமுள்ளையுடைய சிங்கமீன் இந்து, பசிபிக் சமுத்திரங்களுக்குரியது. அமெரிக்காவில் ஃப்ளோரிடாக் கரையில் 1985-ல் அது முதன்முதல் காணப்பட்டது. வீட்டுத் தொட்டிகளிலிருந்து விடப்பட்டவையே பெருகின என்று கருதுகின்றனர். இன்று அக்கரை நெடுகிலும் கரிபியன் கடலிலும் அது அங்குள்ள சிறுமீன்களைத் தின்று தீர்த்து வருகிறது. அங்குள்ள செம்படவர் அதனைக் குத்திப் பிடிக்கப் போட்டிகள் நடத்தியும் ஒழித்தபாடில்லை. நம்மூர்த் தொட்டிகளில் விற்கப்படும் கோமாளி மீன்களுள்ளும் மன்னார் வளைகுடாவுக்கு அந்நியமான ஜாதிகள் உண்டு.